நான் தடுக்கிய கல்

இந்த வாரம் கண்காணிப்பு அறைக்குப் புதிதாக ஆறு பேர் வருகிறீர்களாம், உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி மேடம் என்னைக் கேட்டார். நான் இரண்டாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரப்படுத்தினால் எனக்குக் கோபம் வரும். ஆகவே மெதுவாகச் சொல்கிறேன், நீங்களும் மெதுவாகவே படியுங்கள். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் முதல் நாளே காட்டித் தந்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது, அழுத்தக் கூடாத நேரத்தில் நான் அழுத்திய ஒரு பட்டனைப் பற்றி.

செம்பூரில் இருக்கும் இந்த ஆபீசுக்கு நான் வந்தது கூட்டித் துடைக்கும் வேலைக்கு. தாராவியிலிருந்து காலை ஏழு மணிக்கே வந்துவிடுவேன். சுவரில் பெரிய திரைகள். ஆஸ்பத்திரிகள், ஸ்கூல்கள், கம்பெனிகள் என்று எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் அந்தத் திரையில் ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும். ஒழுங்காக ஓடினால் பச்சை. துடைக்கிறவளுக்குக் கண் இல்லையா என்ன? ஒன்பது வருஷம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டேதான் துடைத்தேன்.

ஒருநாள் மேடத்திடம் சொன்னேன்: "மூணாவது வரிசையில கடைசிக் கட்டம் இருக்குல்லா, அது தினமும் பதினோரு மணிக்கு மஞ்சளாகி, பத்து நிமிஷத்துல தானாப் பச்சையாயிருது. ஒருத்தரும் பாக்க மாட்டுக்கீங்க."

மேடம் தேடிப் பார்த்தார். நான் சொன்னது சரி. அந்த ஸ்கூல் கம்ப்யூட்டரில் பதினோரு மணிக்கு என்னவோ ஒரு வேலை தவறான நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் திரை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் ஒரே சமயத்தில் வேலையை விட்டுப் போனபோது, "அக்கா, இந்த நாற்காலியில உக்காந்து பாக்கறேளா?" என்று அவராகத்தான் கேட்டார். நான் கெஞ்சி வாங்கவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும் என்று ஆசை, எழுதிவிட்டேன்.

இந்த மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். இந்த அறையை உண்டாக்கியவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். தொழிலில் எனக்குக் குரு என்றால் அவர்தான். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை.

மேனேஜருக்கு என்னை உட்கார வைத்ததில் இஷ்டம் இல்லை. அவர் மராட்டிக்காரர், கறார். "மூணு மாசம் பாப்போம். ஒரு பெரிய தப்பு வந்தா பழைய வேலைக்குப் போயிரணும்" என்று ஹிந்தியில் சொன்னார். எனக்கென்று தனி லாகின்கூடத் தரவில்லை. ஷிப்ட் லீடராக இருந்த முருகேஷின் லாகினில்தான் நான் வேலை பார்த்தேன். நான் எதை அழுத்தினாலும் மெஷினில் அவன் பெயர்தான் விழும்.

முருகேஷ் விக்ரோலிப் பையன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. வாயும் அதிகம். "ஆன்ட்டி கைநாட்டு, ஆனா உக்காந்திருக்கிறது கம்ப்யூட்டர் முன்னாடி. க்யா ஜமானா ஆயா, என்ன காலம் வந்துடுச்சு!" என்பான்.

"நீ தமிழுக்குக் கைநாட்டு, நான் இங்கிலீஷுக்குக் கைநாட்டு. சரியாப் போச்சு, வேலையைப் பாருல" என்பேன்.

அவன் கேலி ஒரு விதத்தில் எனக்கு உதவியது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கியமான ஃபைல்களை யாராவது மாற்றினால் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று நம்மிடம் உண்டு. அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று மேடத்திடம் கேட்டேன். "ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எடுத்து வெச்சுக்கும்க்கா. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிடும். பழைய ரேகையையும் புது ரேகையையும் ஒத்துப் பாத்து, சேரலேன்னா சிவப்பு காட்டும்" என்றார். படித்த பையன்களுக்கு இதை விளக்க ஒரு மணி நேரம் ஆனதாம். ரேஷன் கடையிலும் பத்திரத்திலும், படிக்கத் தெரியாத மராட்டித் தாள்களில் பெருவிரல் வைத்தே காலத்தை ஓட்டின எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இன்னொன்றும் அவர் சொன்னார். இந்தக் கருவிகள் எதையும் நாம் விலைக்கு வாங்கவில்லை. எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி, எடுத்துக்கொள் என்று விட்டிருக்கிறார்கள். "கோயில் அன்னதானம் மாதிரியா?" என்று கேட்டேன். "அதுக்கும் மேலேக்கா. அன்னதானத்துல சாப்பிட்டுட்டு வந்துடுவோம். இங்கே சமையலறைக் கதவையும் திறந்து விட்டிருக்கா. உப்பு கம்மியா இருந்தா நீங்களே உள்ளே போய்ப் போடலாம்" என்றார். அன்றைக்கு அதை நான் பெரிதாக நம்பவில்லை.

பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா என்று நான்கு நிறம். இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையாததால் நானாகப் பெயர் வைத்துக்கொண்டேன்: சரி, பார், ஓடு, தெரியவில்லை. ஊதா வந்தால், மெஷினுக்கே என்ன நிலவரம் என்று தெரியவில்லை என்று அர்த்தம். "நாலுலயும் நாலாவதுதான் ஒசத்தி. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடறது பாருங்கோ" என்பார் மேடம்.

இனி அந்த வியாழக்கிழமை.

என் மூன்று மாதம் முடிய இரண்டே நாள் பாக்கி. காலை பத்தரை மணி இருக்கும். ஓர் ஆஸ்பத்திரியின் கட்டம் சிவப்பானது. லேப் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலின் ரேகை மாறிவிட்டது. ரத்தம் சோதிக்கிற மெஷின் சொல்லும் எண்களில், ரிப்போர்ட்டில் எந்த எண்ணை எந்த இடத்தில் போடுவது என்று சொல்லுகிற ஃபைல் அது. யாரும் விளையாட்டாகக் கை வைக்கிற இடம் இல்லை.

விதி என்னவென்றால், சுவரில் சேஞ்ச் லிஸ்ட் ஒட்டியிருக்கும். எந்த இடத்தில் எந்தத் தேதியில் என்ன மாற்றம் செய்யப்போகிறார்கள் என்று அதில் இருக்கும். அதைப் பார்க்க வேண்டும். பிறகு அந்த இடத்தின் கம்ப்யூட்டர் ஆளுக்கு போன் போட வேண்டும். அவர் சரி என்றால் "அக்" அடிக்கலாம். அக் அடிப்பது என்றால், நான் பார்த்துவிட்டேன், இனிக் கத்தாதே என்று மெஷினிடம் சொல்வது. சிவப்பு அடங்கிவிடும்.

போன் போட்டேன். லிஸ்டை அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தேன். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் ஆள் எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"பையா, லேப் ஃபைல் பதல் கயா" என்றேன், லேப் ஃபைல் மாறிவிட்டது என்று. என் ஹிந்தி தாராவி ஹிந்தி, ஆனால் புரியும்.

"ஹா ஹா, வோ கல் கா காம் ஹை. லிஸ்ட் மே ஹை. அக் மார் தோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அது கல் வேலை, லிஸ்டில் இருக்கிறது, அக் அடித்துவிடு. அவ்வளவுதான்.

இப்போது கவனமாகப் படியுங்கள். ஹிந்தியில் "கல்" என்றால் நேற்று. "கல்" என்றால் நாளையும்தான். நமக்கு நேற்று வேறு, நாளை வேறு. இரண்டுக்கும் நடுவில் இன்றைக்கு என்று ஒரு நாள் முழுசாகக் கிடக்கிறது. அவர்களுக்கு அந்த வார்த்தைக்கு முகம் கிடையாது, வால்தான் உண்டு. "போனேன்" என்று முடித்தால் நேற்று, "போவேன்" என்று முடித்தால் நாளை. அந்த மனிதர் வாலே இல்லாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முப்பது வருஷம் பம்பாயில் இருந்தும் நான் மனதுக்குள் எல்லாவற்றையும் தமிழாக்கித்தான் வாங்கிக்கொள்வேன். தமிழாக்கும்போது இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும். நேற்று என்று எடுத்தேன். நேற்று செய்த வேலை, இன்றைக்குக் காலையில் மெஷின் கண்ணில் பட்டிருக்கிறது. பொருத்தமாகத்தானே இருக்கிறது?

லிஸ்டைத் திரும்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி பெயர் இருந்தது; அந்த இங்கிலீஷ் எழுத்துகளின் உருவம் எனக்குப் பழக்கம். பெயர் இருந்ததே போதும் என்று திரும்பிவிட்டேன். பக்கத்துக் கட்டத்தில் தேதி இருந்தது. இங்கிலீஷ்தான் எனக்கு வராது. எண் நன்றாகவே வரும். பார்க்கவில்லை.

நோட்டில் தமிழில் எழுதினேன்: "நேத்து வேலை. சரி." அக் அடித்தேன்.

மத்தியானம் ஒரு மணிக்குச் சோற்று டப்பாவைத் திறந்தேன். எதிரே முருகேஷ் யாரோ நண்பனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆஜ் நஹீ யார். கல் மிலேங்கே, கல்" என்றான். இன்றைக்கு முடியாது, கல் பார்ப்போம்.

பார்ப்போம். வால் வந்துவிட்டது.

டப்பாவை மூடிவிட்டுச் சுவரிடம் போனேன். விரலை வைத்துத் தேதியைப் படித்தேன். வெள்ளிக்கிழமைத் தேதி. அந்த ஆள் சொன்ன வேலை நாளைக்குச் செய்ய வேண்டியது. நாளைக்குச் செய்கிற வேலை இன்றைக்குக் காலையில் எப்படி ஃபைலை மாற்றும்? மாற்றியது வேறு யாரோ. அந்த ஆளும் பார்த்துச் சொல்லவில்லை. லிஸ்டில் என்னவோ இருக்கிறதே, அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகத்தில் சொல்லியிருக்கிறார். அவர் ஊகத்தின் மேல் நான் என் ஊகத்தை வைத்து, இரண்டுக்கும் மேல் "சரி" என்று எழுதிவிட்டேன்.

"முருகேஷ், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்ல" என்று விஷயத்தைச் சொன்னேன்.

அவன் திரையைப் பார்த்தான். "சப் கிரீன் ஹை ஆன்ட்டி, எல்லாம் பச்சை. ரிப்போர்ட் போயிட்டுத்தான் இருக்கு. சும்மா இரு."

"போற ரிப்போர்ட்டு சரியாப் போகுதான்னு தெரியல்லே."

"அந்த ஆள்தானே அக் மார் தோன்னு சொன்னான்? எதுனா ஆச்சுன்னா அவன் தலை. நீ இப்ப போய்க் கிளறினா உன் நாற்காலி போகும். ரெண்டு நாள் பாக்கி ஆன்ட்டி, ரெண்டே நாள்! சனிக்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இரேன்."

அவன் கெட்ட பையன் இல்லை. எனக்காகத்தான் சொன்னான். மேடத்துக்கு போன் போட்டேன். வேறொரு கம்பெனிக்குப் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. மேனேஜர் மீட்டிங்கில். ஆஸ்பத்திரி ஆள் இந்தத் தடவை எடுக்கவே இல்லை.

ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பொய்யாக ஓர் ஆஸ்பத்திரியை எழுப்பினால் நாற்காலி போகும். உண்மையாக எழுப்பினாலும், காலையில் தூங்க வைத்தது நான்தான் என்று தெரிந்து நாற்காலி போகும். எப்படிப் பார்த்தாலும் போகிற நாற்காலிக்கு என்ன காவல்? ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஒருத்தி வார்டில் படுத்திருப்பாளே, அவளுக்குத்தான் இப்போது காவல் வேண்டும். அப்படி நினைத்ததும் அடித்த அக்கை எடுத்தேன். கட்டம் மறுபடி சிவப்பாகிக் கத்த ஆரம்பித்தது. "ஆன்ட்டி!" என்று முருகேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி நம்பர்கள் எழுதி வைத்திருக்கும் தாளில் லேப்பின் நம்பரும் இருந்தது. நேராக அங்கேயே போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், சோதனை செய்கிறவள்.

எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்: "பேட்டி, ஒரு உதவி. மெஷின்ல வந்த எண்ணையும் ரிப்போர்ட்ல விழுந்த எண்ணையும், ஒரே ஆளோடதாப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துச் சொல்லுவியா?"

ஹிந்தியில்தான் கேட்டேன்; பேட்டி என்றால் மகளே. எனக்கு நினைவிருப்பது இப்படித்தான்.

"டைம் இல்லம்மா. இங்க எவ்வளவு சாம்பிள் கிடக்கு தெரியுமா? என்ன பிரச்சினை?"

"என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லத்தான் போன் போட்டேன். ஒண்ணே ஒண்ணு பாரு, போதும்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அரே தேவா" என்றாள்.

சர்க்கரைக்கும் யூரியாவுக்கும் எண் இடம் மாறி விழுந்திருந்தது. காலையில் மெஷினைப் பழுது பார்க்க வந்த ஆள் வேறு ஓர் ஆஸ்பத்திரியின் ஃபைலை அதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "சுகர் ரொம்பக் கம்மியா வருதேன்னு வார்டுலேருந்து ஒரு தடவை கேட்டாங்க. மெஷின் இப்பத்தான் சர்வீஸ் ஆச்சு, சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்" என்றாள். பார்க்காமலே சரி என்று சொன்னதில் அவளும் என்னைப் போலத்தான்; அது அவள் குரலில் தெரிந்தது.

அவள் ரிப்போர்ட்டுகளை நிறுத்தினாள். ஒவ்வொரு வார்டுக்கும் போன் போட்டாள். ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை முந்நூறுக்கு மேல். ரிப்போர்ட்டில் முப்பத்தி இரண்டு. குளுக்கோஸ் ஏற்றப் பாட்டிலை மாட்டிவிட்டார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் விரலில் குத்தி ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மெஷினை எடுக்கப் போயிருக்கிறாள். அந்த நேரத்தில் போன் போய்ச் சேர்ந்தது. நான் போன் போடாவிட்டாலும் அந்த நர்ஸ் பிடித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வார்டில் அப்படி ஒரு நர்ஸ் இருந்தாளா என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை மேனேஜர் கூட்டம் போட்டார். மேடம், முருகேஷ், நான், அப்புறம் அந்த ஆஸ்பத்திரி ஆள். நேரில் பார்த்தால் சின்ன வயசு, தூங்காத கண்கள்.

"பத்தரைக்கு சிவப்பு வந்திருக்கு. பத்து முப்பத்தைந்துக்கு அக். ஏன்?" என்றார் மேனேஜர்.

"நான் கல்னுதானே சொன்னேன்?" என்றார் ஆஸ்பத்திரி ஆள்.

"கல்னா?"

"கல்னா கல்!"

மேடம் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அக் அடித்தவர் என்று இருந்த இடத்தில் முருகேஷின் பெயர். "நீ அடிச்சதா?"

முருகேஷ் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். வாய் ஓயாதவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டில் இருப்பது தமிழ். மேனேஜருக்குப் படிக்கத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. நேற்று நான் போன் போட்டதற்கு எல்லோரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்தால் தப்பு அவன் பெயரிலும் புகழ் என் பெயரிலும் நின்றுவிடும்.

எழுந்து நோட்டை எடுத்தேன். "இது என் எழுத்து. 'நேத்து வேலை. சரி'னு எழுதியிருக்கேன். அவரு நாளைன்னு சொன்னதை நான் நேத்துன்னு எடுத்துக்கிட்டேன். தேதியைப் பாக்கல்ல. அக் அடிச்சது நான். இந்தப் பிள்ளை அப்போ டீ வாங்கப் போயிருந்தான்" என்றேன். மேடம் அதை ஹிந்தியில் சொன்னார், ஒரு சொல்லையும் மென்மையாக்காமல். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

மேனேஜர், "இனிமே இப்படி வராம இருக்க என்ன பண்ணலாம்?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இந்த அறையில யாரும் கல்னு சொல்லக் கூடாது. கிழமை சொல்லணும், தேதி சொல்லணும். போன்ல வாரவங்ககிட்டயும் கேட்டு வாங்கணும்" என்றேன். ஆஸ்பத்திரி ஆள் தலையை ஆட்டினார்.

இங்கே கொஞ்சம் முன்னால் போய்விட்டு வருகிறேன். அதற்கடுத்த மாதம் மேடம் அந்தக் கருவியைத் திறந்து, அதில் சின்ன மாற்றம் ஒன்று செய்தார். அக் அடிக்க வேண்டுமானால் காலண்டரில் ஒரு தேதியைத் தொட்டே ஆக வேண்டும். வெறும் வார்த்தை செல்லாது. அதைக் கருவி எழுதியவர்களுக்கும் அனுப்பினார். இதற்கு என்ன தேவை என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டாராம். மேடம் என் கதையை எழுதினார். அதற்குக் கீழே ஒரு வங்காளி எழுதினார்: எங்கள் பாஷையிலும் கால் என்றால் நேற்று, கால் என்றால் நாளை, நானும் இப்படி ஒரு நாள் விழுந்திருக்கிறேன், இதைச் சேருங்கள் என்று. சேர்த்துவிட்டார்கள். நீங்கள் அக் அடிக்கும்போது காலண்டர் குறுக்கே வந்து நிற்கிறதே என்று சலித்துக்கொள்வீர்கள். அந்த உப்பு நான் போட்டது. எங்கெங்கோ இருப்பவர்கள் இன்று அதைச் சாப்பிடுகிறார்கள்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

கூட்டம் முடிந்தது. மேனேஜர் எழுந்தார். எனக்குத் துடைப்பம் வைத்திருக்கும் அலமாரி ஞாபகம் வந்தது. அந்தச் சாவியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் மேடத்தைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்தவன் பேர்ல இந்தம்மா தப்புப் பண்றது சரியில்ல. இனிமே பண்ணினா அவங்க பேர்லயே பண்ணட்டும். ஒரு லாகின் போட்டுக் குடுங்க." கதவருகே போனவர் திரும்பி, "நிரந்தரமா" என்றார்.

முருகேஷ் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஆன்ட்டி, பைத்தியமா நீ? நான் வாயைத் திறக்கல்லன்னா நீயும் திறக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"நீ என்னைக்குல வாயை மூடியிருக்க? இன்னைக்குத்தான் மொதத் தடவை. அதுவும் எனக்காக" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பார்க்காத மாதிரி இருந்தேன்.

மேடம் என் பெயரைத் தமிழிலேயே அடித்தார். மெஷின் எடுத்துக்கொண்டது. "மொதல்ல என்ன பண்ணணும் அக்கா?" என்றார்.

"நேத்து அடிச்ச அக்குல முருகேஷ் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க."

"அது முடியாதுக்கா. பழைய பதிவை யாரும் தொடக் கூடாது. தொட்டா ரேகை மாறி, நம்ம கருவியே நம்மளைப் பிடிச்சுக் குடுத்துடும். வேணும்னா கீழே ஒரு வரி சேக்கலாம்."

சேர்த்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்க அரை மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. "மேலே அக் அடித்தது முருகேஷ் இல்லை, நான். பேச்சியம்மாள்."

அந்த வரி இன்னும் இருக்கிறது. பின்னால் தள்ளித் தள்ளிப் போனால் உங்களுக்கும் கிடைக்கும். அதுதான் இந்த அறையில் என் பெயரில் விழுந்த முதல் வரி. அதற்குப் பிறகு, ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் ஏழு வருஷத்து வரிகள். எல்லாம் சரியான வரிகள் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் என்னுடையவை.